கண்ட்ரோலும் க்யூவும்

கண்ட்ரோலையும் க்யூவையும் சேர்த்து அழுத்தினால் கோரல் டிராவில் எழுத்து கோடாக மாறும். பேஜ்மேக்கரில் அதே இரண்டு கீயை அழுத்தினால் பேஜ்மேக்கரே மூடிக்கொள்ளும். குடுபல்லி மாதிரி ஒரு ஊரில் டி.டி.பி. கடை வைத்திருப்பவனுக்கு உலக ஞானம் என்று தனியாக ஒன்று வேண்டாம், இது தெரிந்தால் போதும் என்று ஒரு காலத்தில் நான் நினைத்ததுண்டு.

ஊரைச் சொல்லிவிடுகிறேன். ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் போகிற பாதையில் குப்பம் தாண்டினால் அடுத்த ஸ்டேஷன். மாவட்டம் சித்தூர், மாநிலம் ஆந்திரா. எங்களைப் போன்றவர்களுக்கு வீட்டில் தமிழ், மண்டல ஆபீஸில் தெலுங்கு, ரயிலேறி மேற்கே போனால் கன்னடம். ஆகவே கல்யாணப் பத்திரிகை என்றால் இடப்பக்கம் தெலுங்கு, வலப்பக்கம் தமிழ். சம்பந்தி வீடு பங்காருப்பேட்டை என்றால் கன்னடத்துக்கும் இடம் ஒதுக்க வேண்டும். தெலுங்குக்கு அனு ஃபான்ட், தமிழுக்குப் பாமினி. இந்த இரண்டும் நம் கம்ப்யூட்டரில் இருக்கும், ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடையில் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஃபான்ட் இல்லாத இடத்தில் பாமினிக் கோப்பைத் திறந்தால் ‘தமிழ்’ என்று நாம் அடித்தது ‘ஜே கே பி ஓ அரைப்புள்ளி’ என்று ஆங்கிலத்தில் இளித்துக்கொண்டு நிற்கும். பெண்ணின் பெயருக்கு நடுவில் அரைப்புள்ளி வந்தால் பெண்ணின் தாய்மாமன் கடைக்கு வருவார். அதனால்தான் அனுப்புவதற்கு முன் கண்ட்ரோல் க்யூ. எழுத்தெல்லாம் வெறும் கோடு, படம் ஆகிவிடும். பிறகு எந்தக் கடையில் திறந்தாலும் பெண் பெண்ணாகவே இருப்பாள்.

பகலெல்லாம் கோரலில் க்யூ அழுத்திப் பழகிய விரல், சாயங்காலம் பேஜ்மேக்கரில் ஒரு சீட்டுக் கம்பெனி நோட்டீஸ் அடிக்கும்போதும் தானாக அங்கே போகும். ‘சேமிக்கவா?’ என்று ஒரு பெட்டி எழும். விரல் அதற்கும் முந்திக்கொண்டு என்டரைத் தட்டியிருக்கும். திரை காலி.

டைப்ரைட்டர் காலத்தில் இந்தத் தொல்லை இல்லை என்று நான் சொன்னால், அக்கா மகன் சிரிப்பான். “அதுல ஷார்ட்கட்டே கிடையாது மாமா, அப்புறம் எப்படித் தொல்லை வரும்?” அவன் சொல்வது சரிதான். ஆனால் நான் சொல்ல வந்தது வேறு.

குப்பத்தில் டைப்ரைட்டிங் படித்தேன். ஓட்டுக் கட்டடம், வரிசையாக ரெமிங்டன், ஹால்டா, ஃபேசிட். அந்த இன்ஸ்டிட்யூட்டில் எல்லாம் ஆங்கிலமும் தெலுங்கும்தான். மூலையில் ஒரே ஒரு தமிழ் மெஷின். முதலில் ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே ஹெச் ஜே. விரலைப் பார்த்து அடித்தால் மாஸ்டர் கீக்களின் மேல் அட்டையை மூடிவிடுவார். ஆங்கிலம் படிந்த பிறகுதான் தமிழ் மெஷின் பக்கம் விடுவார். அதில் முதல் நாளே ஒரு அதிர்ச்சி: புள்ளியை முதலில் அடிக்க வேண்டும், எழுத்தை அப்புறம். புள்ளிக் கீ வண்டியை நகர்த்தாது. நகராத கீயை முன்னால் தட்டிவிட்டு, நகர்கிற எழுத்தை அதன் மேலேயே தட்டினால்தான் ‘க்’ வரும். வாய் சொல்லும் வரிசை ஒன்று, கை அடிக்கும் வரிசை ஒன்று. யாழ்ப்பாணத்துக்காரர் ஆர். முத்தையா மலேயாவில் வாழ்ந்த காலத்தில் தமிழுக்கு மெஷின் செய்ய உட்கார்ந்தபோது, இருநூற்றுச் சொச்சம் எழுத்தை நாற்பத்துச் சொச்சம் கீக்களுக்குள் அடக்க இப்படிப்பட்ட வித்தைகளைத்தான் செய்ய வேண்டியிருந்தது.

அந்த மெஷின் என்னிடம் எதையும் கேட்கவில்லை. ‘உனக்குப் புள்ளி எங்கே இருந்தால் வசதி?’ என்று ஒரு பெட்டி எழவில்லை. ‘ப’ எங்கே இருக்கிறதோ அங்கேதான் இருக்கும். சுண்டுவிரல் வலித்தால் வலிக்கட்டும். அதனால் என்ன ஆயிற்று என்றால், குப்பத்தில் படித்தவன் வேலூர் கோர்ட் வாசலில் உட்கார்ந்தாலும் அதே கை ஓடும். திருப்பத்தூரில் பத்திரம் எழுதுகிறவர் லீவு போட்டால் அவர் மெஷினில் நான் போய் அடித்துவிட்டு வரலாம். போயிருக்கிறேன். எந்த ஊர் மெஷினும் என்னை யார் என்று கேட்டதில்லை.

கம்ப்யூட்டரை நான் முதலில் தொட்டது கோலார் தங்கவயலில். குடுபல்லியில் ஏறி, பங்காருப்பேட்டையில் இறங்கி, மாரிக்குப்பம் வண்டி பிடித்து, ராபர்ட்சன்பேட்டையில் ஒரு பிரஸ். சுரங்கத்துத் தமிழர்கள் நிறைந்த ஊர். கருமாதிப் பத்திரிகையிலிருந்து யூனியன் நோட்டீஸ் வரை எல்லாம் தமிழ். ஆனால் கம்ப்யூட்டர் ஆங்கிலத்துக்கு மட்டும்தான். அதில் வேர்ட்ஸ்டார். கறுப்புத் திரை, மௌஸ் கிடையாது. ஒரு பத்தியைத் தூக்கி வேறு இடத்தில் வைக்க வேண்டுமானால் தொடக்கத்தில் கண்ட்ரோல் கே பி, முடிவில் கண்ட்ரோல் கே கே, போக வேண்டிய இடத்தில் நின்று கண்ட்ரோல் கே வி. சேமிக்க கண்ட்ரோல் கே எஸ். மேலே போக கண்ட்ரோல் ஈ, கீழே எக்ஸ், இடம் எஸ், வலம் டி. 1978-இல் ராப் பார்னபி என்பவர் இதை எழுதியபோது பல டெர்மினல்களில் அம்புக் கீயே கிடையாதாம். அதனால் இடது கைக்கு எட்டுகிற நாலு எழுத்தை நாலு திசையாக்கிவிட்டார். எங்கள் பிரஸ்ஸில் அம்புக் கீ இருந்தது. ஆனாலும் மூத்த ஆபரேட்டர் அதைத் தொட மாட்டார். சுண்டுவிரல் கண்ட்ரோலில், மற்ற விரல்கள் வைரம் மாதிரி நாலு மூலையில். திரையின் மேல் பகுதியில் ஒரு உதவிப் பட்டியல் தெரியும். அதை மறைத்து வைத்திருப்பவன்தான் ஆபரேட்டர், தெரியும்படி வைத்திருப்பவன் அப்ரென்டிஸ். எங்களுக்குள் இருந்த ஒரே ஜாதி அது.

சுவரில் ஒரு அட்டை தொங்கும். கார்பன் பேப்பர் வைத்து அடித்த கட்டளைப் பட்டியல், எண்ணெய்க் கை பட்டு மஞ்சளாகி, கே-வின் வால் போய். அதையும் யாரும் பார்ப்பதில்லை. பார்க்கிறவன் என்று பெயர் வந்துவிடுமே.

தங்கச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு மூடப்பட்டது. சுரங்கம் மூடியதும் கல்யாணம் நிற்கவில்லை, ஆனால் பத்திரிகையின் கனம் குறைந்தது. பிரஸ் முதலாளி கையைப் பிடித்துக்கொண்டு, “ஊர்ல போய்ப் பொழைச்சுக்கோப்பா” என்றார். ஊருக்கு வந்தால், ஊரே கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தது.

அது முதலமைச்சர் தொகுதி என்பதால் நடந்தது. சந்திரபாபு நாயுடு 1989-இலிருந்து குப்பத்தில் ஜெயித்து வருபவர், அப்போது முதலமைச்சர். 2002-இல் ஹெச்.பி. கம்பெனியும் ஆந்திர அரசும் சேர்ந்து ‘குப்பம் ஐ-கம்யூனிட்டி’ என்று ஒரு திட்டத்தைத் தொடங்கின. குப்பம், குடுபல்லி, சாந்திபுரம், ராமகுப்பம், வி.கோட்டா ஆகிய மண்டலங்கள், சுமார் 3 லட்சம் ஜனம். தகவல் மையம் என்று அங்கங்கே கம்ப்யூட்டர் வைத்தார்கள். மகளிர் குழுப் பெண்களுக்குக் கேமராவும் சூரிய ஒளியில் ஓடும் சின்னப் பிரின்டரும் கொடுத்தார்கள். அவர்கள் சந்தையிலும் திருவிழாவிலும் போட்டோ எடுத்து அங்கேயே அச்சுப்போட்டு விற்றார்கள். மின்சாரமே நம்பிக்கையில்லாத ஊரில் போட்டோ உடனே கையில் வந்தது. நிஜமாகவே பார்க்க நன்றாயிருந்தது.

நானும் ஒரு மையத்துக்குப் போய் நின்றேன். கண்ட்ரோல் கே பி தெரிந்தவன் என்ற கெத்து. சொல்லிக்கொடுக்கிற பையன் என் கையில் மௌஸைக் கொடுத்து, “அன்னா, இக்கட கிளிக் செய்யண்டி” என்றான். கீ எதுவும் வேண்டாமாம். எல்லாம் படம். வெட்ட வேண்டுமா, கத்தரிக்கோல் படம். பக்கத்தில் களை பறித்துவிட்டு நேராக வந்த ஒரு அக்கா, வெறும் மௌஸை வைத்துக்கொண்டு ஒரு வீடும் தென்னை மரமும் வரைந்து அதற்குப் பச்சையும் அடித்துவிட்டாள். அம்புக் கீயைத் தொடாத ஜாதிக்கு அன்றைக்கு மரியாதை கொஞ்சம் இறங்கியது.

பெங்களூரில் ஹெச்.பி.யின் ஆராய்ச்சிக்கூடம் இன்னொரு படி மேலே போய், நம் எழுத்துக்கென்றே ஒரு பலகையைச் செய்தது: மெய்யைத் தொட்டு, அதன் மேலேயே உயிர்க்குறியைப் பேனாவால் இழுத்தால் உயிர்மெய் வரும். ஷிஃப்ட்டும் வேண்டாம், கண்ட்ரோலும் வேண்டாம். நல்ல யோசனை. முத்தையா பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். கடைகளில் நான் அதைக் கண்டதில்லை.

சொந்தக் கடை போட்ட பிறகுதான், கீக்களை நம் இஷ்டத்துக்கு மாற்றிவைக்கிற ஒரு ஜன்னல் என் கண்ணில் பட்டது. கோரலில் டூல்ஸ் மெனு, அதற்குள் கஸ்டமைசேஷன், அதற்குள் கமாண்ட்ஸ். இடப்பக்கம் நிரலுக்குத் தெரிந்த வேலைகள் எல்லாம் நீளமான பட்டியலாக. வலப்பக்கம் ‘ஷார்ட்கட் கீஸ்’ என்று ஒரு தாவல். அதில் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி. பட்டியலில் ஒரு வேலையைத் தேர்ந்து, பெட்டிக்குள் கிளிக் செய்துவிட்டு, நமக்குப் பிடித்த கீயை அழுத்த வேண்டும். அழுத்தியவுடன் அது ஏற்கெனவே யாருடையது என்று கீழே சொல்லும். இதற்கும் கீழே ஒரு டிக் பெட்டி: மோதல் வந்தால் அங்கே கூட்டிப்போ. அதை டிக் செய்து வைத்தால், நாம் கீயைப் பிடுங்கியதும் கீயை இழந்த வேலையிடமே நம்மைக் கொண்டுபோய் நிறுத்தும். ‘இவன் கீயைப் பிடுங்கிவிட்டாயே, இவனுக்கு என்ன தரப்போகிறாய்?’ என்று கேட்காமல் கேட்கும். அவனுக்கு வேறு ஒன்றைக் கொடுத்தால், அது இன்னொருவனுடையதாக இருக்கும். அங்கே போய் நிற்கும். இப்படி ஒரு மழைநாளில், கஸ்டமர் இல்லாத மத்தியானத்தில், க்யூவில் தொடங்கியவன் எங்கேயோ ஹெச்சில் போய் நின்றேன். சாப்பாடு ஆறிப்போயிருந்தது.

அதோடு விடவில்லை. அந்த ஜன்னலில் ஒரே கீ இல்லை, அடுத்தடுத்துப் பல கீ தட்டுகிற மாதிரியும் வைக்கலாம். பார்த்தேன். கண்ட்ரோல் கே-வை ‘பிரித்துவிடு’ என்ற வேலையிடமிருந்து பிடுங்கி, அதன் பின்னால் பி, கே, வி, எஸ் என்று அடுக்கி, கோரல் டிராவுக்குள் வேர்ட்ஸ்டாரைக் குடியேற்றினேன். இன்டிசைன் செய்தவர்களுக்கு இந்தக் கிறுக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது. அதன் கீபோர்ட் ஷார்ட்கட் ஜன்னலில் பேஜ்மேக்கர் 7.0-வின் கீக்கள் ஒரு தொகுப்பாகவும் குவார்க் எக்ஸ்பிரஸ் 4.0-வின் கீக்கள் ஒரு தொகுப்பாகவும் தயாராக இருக்கும். கம்பெனி மாறினாலும் விரல் மாறாது என்று தெரிந்தவர்கள் செய்த வேலை. எங்களைப் போன்ற பழைய ஆபரேட்டர்களுக்கு யாரும் கொடுத்த ஒரே பென்ஷன் அதுதான்.

ஒரு சிக்கல். கோரலில் கீ அட்டவணையே ஒன்று இல்லை. ‘மெயின்’ என்று ஒன்று, ‘டெக்ஸ்ட் எடிட்டிங்’ என்று ஒன்று. மெயினில் மாற்றியது, எழுத்துக்குள் கர்சர் துடித்துக்கொண்டிருக்கும்போது செல்லாது. மணமகன் பெயரை அடித்து முடித்து, வெளியே கிளிக் செய்யாமல் நான் என் கீயைத் தட்டினால் வேறொன்று நடக்கும். அதை எனக்கு விளக்கிச் சொன்னவன் அக்கா மகன்.

அவன் இன்ஜினியரிங் பாதியில் விட்டுவிட்டுக் கடைக்கு வந்தான். டைப்ரைட்டர் தெரியாது, தமிழ்99 தெரியும். 1999-இல் சென்னையில் மாநாடு கூட்டித் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை. அதில் உயிரெல்லாம் இடக்கையில், மெய்யெல்லாம் வலக்கையில், வாய் சொல்லும் வரிசையிலேயே கை ஓடும். என்.ஹெச்.எம். ரைட்டரைப் போட்டுக்கொண்டு ஆல்ட் ஒன்று அழுத்தினால் அவனுக்குத் தமிழ்99. ஆல்ட் மூன்று அழுத்தினால் எனக்குப் பழைய டைப்ரைட்டர். ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு தலைமுறை குடியிருக்க இதைவிட நாகரிகமான ஏற்பாடு கிடையாது, ரைட்டர் ஓடிக்கொண்டிருக்கிற வரை. அது ஓடாத நாளில் எக்ஸெல் 2007-ஐத் திறந்து, தமிழ் வரும் என்று ஆல்ட் ஒன்றைத் தட்டுவான். எக்ஸெலில் மேலே இருக்கும் சின்னப் பட்டையின் முதல் பட்டனுக்கு அதுதான் கீ. முதல் பட்டன் ‘சேமி’. தமிழ் வராது. மறுபடி தட்டுவான். மொய்க் கணக்கில் ஒரு பெயர் கூட ஏறாமல், அந்தக் காலிக் கோப்பு அவ்வளவு பத்திரமாகச் சேமிக்கப்பட்டிருக்கும்.

போட்டோ வேலைக்கு ஜிம்ப். இலவசம். அதில் ‘டைனமிக் ஷார்ட்கட்’ என்று ஒரு வசதியைப் போட்டு வைத்திருந்தான். ஜன்னலே திறக்க வேண்டாம். மெனுவில் ஒரு வேலையின் மேல் சுட்டியை நிறுத்திக்கொண்டு எந்தக் கீயைத் தட்டினாலும் அது அந்த வேலையின் ஷார்ட்கட் ஆகிவிடும். “பாருங்க மாமா, எவ்ளோ ஈஸி.” ரொம்ப ஈஸி. போன் பேசிக்கொண்டே மெனுவைத் திறந்து வைத்து, முழங்கையை ஊன்றினால் கூட ஷார்ட்கட்தான். எந்த வேலைக்கு எந்தக் கீ என்பதை அப்புறம் போலீஸ் நாய் வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்து நின்ற ஒரு ரெட்டியார் தலைகீழாகப் புரண்டார், திரையில்.

கோரலிலும் அவன் தன் பங்குக்கு மாற்றினான். கடையில் இரண்டு கம்ப்யூட்டர்: நான் உட்காருவதில் என் வேர்ட்ஸ்டார், அவன் உட்காருவதில் அவன் சௌகரியம். “மாமா, டூப்ளிகேட் கீயை எங்க வெச்சிங்க?” “நீ எங்கடா வெச்சே?” இதுதான் பேச்சு. முகூர்த்த மாசத்தில் ஒருவன் சாப்பிடப் போனால் இன்னொருவன் அவன் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பெயர் திருத்த முடியாது. குப்பத்திலிருந்து திருப்பத்தூர் போய் முன்பின் தெரியாத மெஷினில் பத்திரம் அடித்தவன், நாலு முழம் தள்ளி இருக்கும் என் சொந்தக் கம்ப்யூட்டரில் கட்டைவிரலைச் சூப்பிக்கொண்டு நிற்கிறேன். இத்தனைக்கும் இரண்டிலும் அதே நிரல், அதே வெர்ஷன்.

எனக்கு இருந்த ஒரே பாதுகாப்பு ஷிஃப்ட் இன்சர்ட். இப்போது எல்லோரும் அடிக்கும் எக்ஸ், சி, வி அமெரிக்கச் சரக்கு: ஸெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் வெட்டு-ஒட்டு வேலைக்கு வழிசெய்த லாரி டெஸ்லரும் அவர் பின்னால் போய்ச் சேர்ந்த ஆப்பிளும் பரப்பியது. ஐ.பி.எம். வழி வேறு: வெட்ட ஷிஃப்ட் டெலீட், ஒட்ட ஷிஃப்ட் இன்சர்ட். அது இன்றைக்கும் விண்டோஸில் சத்தமில்லாமல் வேலை செய்கிறது. பையன் கண்ட்ரோல் வி-யை என்னவாக மாற்றி வைத்திருந்தாலும் நான் ஒட்டிவிடுவேன். 2020 பிப்ரவரியில் டெஸ்லர் இறந்த செய்தியை அவன்தான் போனில் காட்டினான். “நம்ம கடைக்குச் சோறு போட்டவரு மாமா” என்றான். கோபம் இருந்தாலும் அதை மறுக்க முடியவில்லை.

ஒரு நாள் விண்டோஸ் படுத்துக்கொண்டது. சர்வீஸ்காரர் ஃபார்மேட் அடித்து எல்லாம் புதிதாகப் போட்டுக் கொடுத்தார். ஃபான்ட் வந்தது, டிசைன் கோப்பு வந்தது, கீக்கள் மட்டும் வரவில்லை. கோரல் பிறந்த மேனிக்கு நின்றது. கண்ட்ரோல் கே பி தட்டினால், வருடக்கணக்காகக் கூட்டிக் கோத்திருந்த மயிலும் கலசமும் துண்டு துண்டாகப் பிரிந்தன. அப்போதுதான் பையன் ஒரு ரகசியம் சொன்னான். “இதுக்கு ஃபார்மேட்டே வேணாம் மாமா. கோரல் திறக்கும்போது எஃப்8-ஐ அழுத்திப் பிடிச்சா போதும், எல்லாம் கம்பெனி செட்டிங்குக்குப் போயிடும்.” அவனுக்கு அது எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. சில நாள் காலையில் என் கீக்கள் காணாமல் போயிருந்ததற்குக் கரண்டைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது பத்திரிகை அடிக்க வருகிறவர்கள் கையில் போன். அதில் வார்ப்புரு வைத்த ஆப், அதில் பாட்டு, பூ கொட்டுகிறது. பெயரைக்கூட அடிப்பதில்லை, போனை வாய்க்கு நேரே பிடித்து “செல்வி” என்கிறார்கள், எழுதிக்கொள்கிறது. தெலுங்கில் சொன்னால் தெலுங்கில். வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, குலதெய்வத்துக்கு வைக்க மட்டும் கொஞ்சம் அச்சுப் பத்திரிகை கேட்கிறார்கள். பாமினி, அனு, அரைப்புள்ளி, கண்ட்ரோல் க்யூ எதுவும் அவர்களுக்கு வேண்டாம். யூனிகோடு, எங்கே திறந்தாலும் பெண் பெண்ணாகவே இருக்கிறாள்.

ஆனாலும் ஃப்ளெக்ஸ் உண்டு. தலைவர் பிறந்தநாள், கெங்கம்மா ஜாத்திரை, காதணி விழா. அந்தச் சீசனுக்குக் கை பற்றாமல் குப்பத்துப் பெண் ஒருத்தியை வேலைக்குச் சேர்த்தோம். டிகிரி முடித்தவள், ரயிலில் வந்து போகிறாள். முதல் நாள் நான் வலப்பக்கமும் பையன் இடப்பக்கமும் நின்றோம்.

“காப்பி பண்ண கண்ட்ரோல் கே சி, இங்க நான் மாத்தி வெச்சிருக்கேன்” என்றேன்.

“இல்லக்கா, அது மாமாவுது. இதுல எஃப்4” என்றான் அவன்.

அவள் இரண்டு பேரையும் பார்த்தாள். “பரவால்ல அண்ணா” என்று மௌஸை எடுத்து எடிட் மெனுவைத் திறந்து காப்பி என்பதைக் கிளிக் செய்தாள். மறுபடி எடிட் மெனுவைத் திறந்து பேஸ்ட் என்பதைக் கிளிக் செய்தாள். ஒவ்வொரு தடவையும் அப்படியே, அவசரமே இல்லாமல். நாங்கள் சேமிப்புக் கீ யாருடையது என்று பேசி முடிப்பதற்குள் ஜாத்திரை ஃப்ளெக்ஸை முடித்து, பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டு, சாயங்கால வண்டிக்குக் கிளம்பிவிட்டாள்.